அமெரிக்கக் குடும்பத்துக்கு ஒரு யாழ்ப்பாணக் குரல்

கராம்பு ஒன்றைக் கடைவாயில் அடக்கிக்கொண்டு தவரத்தினம் அமெரிக்கக்காரியாகிறார். "எவ்வளவு இடம் பாருங்கோ, பத்துக் கோழி வைக்கலாம்" என்று, திரையில் குளிர்ப்பெட்டியைத் திறந்து சிரிக்கும் பெண்ணுக்காகத் தமிழில் பேசுகிறார். அடுத்த நொடி அவளுடைய கணவன், அதற்கடுத்து விற்பனையாளன். பிரான்சுத் தமிழரின் கடைத்தெருவான லா சப்பலில், நகைக்கடைக்கு மேல்மாடியில் மகாலிங்கம் நடத்தும் இணையத் தொலைக்காட்சியில் ஐந்து வருடமாக இதுதான் வேலை.

படமென்றால் கதைப்படமில்லை. அறுபது வருடத்துக்கு முன் அமெரிக்கக் கம்பனிகள் அடுப்பு, கார், சலவை மெஷின் விற்க எடுத்த விளம்பரப் படங்கள். உரிமை கேட்டு வர ஆளில்லை என்பதால் மகாலிங்கத்துக்கு அவற்றில் கொள்ளை ஆசை. அந்த வீடுகளில் ஒருவருக்கும் காய்ச்சல்கூட வராது. பார்க்கப் பார்க்க எரிச்சல்தான் வரும். தவரத்தினமோ ஒரு சிரிப்பையும் விடாமல் சிரித்துக் கொடுப்பார். இப்போது குரல் கரகரக்கிறது. "அமெரிக்காவிலை சளி, தடிமனாக்கும்" என்று சமாளிப்பார்.

படத்துக் கணவன் மனைவியை வாய்க்கு வாய் பெயர் சொல்லி அழைப்பான். இவர் அத்தனையையும் ஊர் வழக்கப்படி "இஞ்சேரும்" ஆக்கிவிடுவார்.

"அண்ணை, வெள்ளைக்காரன் இஞ்சேரும் எண்டு கூப்பிடுவானே?" என்பார் மகாலிங்கம்.

"பின்னை, பெண்சாதியைப் பேர் சொல்லியோ கூப்பிடுறது?"

அவருடைய மனைவி தில்லைநாயகி மார்க்ஸ் டோர்முவா தெரு வீட்டில் இருந்து இந்தப் படங்களைக் கேட்பார். கேட்பதோடு சரி, நீரிழிவு இரண்டு கண்ணையும் கொண்டுபோய் நாலு வருடம். தவரத்தினத்துக்குத் தொண்டையில் புற்றுநோய். நாளைக்குக் குரல்வளையை எடுக்கிறார்கள்.

"பிறகு எழுதிக் காட்டலாமெண்டு டொக்டர் சொல்லுறார்" என்றார் மகாலிங்கத்திடம். "ஆருக்குக் காட்டுறது?"

பாவி மனிதர், அதைச் சொல்லிவிட்டும் புதுக் கராம்பு போட்டுக்கொண்டு ஒலிவாங்கிக்கு முன்னால் உட்கார்ந்தார்.

கடைசிப் படத்தில் கணவன் வேலையால் வந்து, தொப்பியைக் கழற்றி, மனைவியைக் கூப்பிடுகிறான். தவரத்தினம் சொன்னார்: "தில்லைநாயகி."

மகாலிங்கம் பதிவை நிறுத்தினார். "அண்ணை, பேர் மாறிப்போச்சு."

"மாறேல்லை. விடும். கடைசியா அவ கேக்கிறது அதுவாயிருக்கட்டும்."

படம் ஞாயிற்றுக்கிழமை ஒளிபரப்பில் போகும். அன்றைக்கு அவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பார்.

வீட்டுக்கு வந்ததும், "முடிஞ்சுதோ?" என்று கேட்டார் தில்லைநாயகி. அவர் மனைவியின் மணிக்கட்டில் விரலால் ஒருமுறை தட்டினார். ஒரு தட்டு ஓம், இரண்டு தட்டு இல்லை. கிழமை முழுக்க இருவரும் பழகியது.

"வாயாலை சொல்லுங்கோவன். இண்டைக்குக் குரல் இருக்குத்தானே."

தவரத்தினம் இரண்டு தட்டுத் தட்டினார்.