முதல் தாளுக்குக் கற்பூரம்

தொண்ணூறுகளின் கடைசியில் கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீசில் லேபிள் வரைந்துகொண்டிருந்தேன். கிளி, புலி, அன்னாசிப்பழம். சென்னையில் ஓவியக் கண்காட்சி வைப்பேன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன், அன்னாசிப்பழத்துக்கு முள் வைத்துக்கொண்டிருந்தேன். என் கோபமெல்லாம் புலியின் முகத்தில் போய் உட்கார்ந்ததால் புலி மட்டும் நன்றாக வந்தது.

ஒருநாள் முதலாளி புது லேபிளுக்கு அம்மன் முகம் வேண்டும் என்றார். வரைந்து வரைந்து பார்த்தேன். வந்த அம்மன்கள் எல்லாரும் காலண்டரிலிருந்து எழுந்து வந்தவர்கள். ஒருத்திக்கும் என்னைத் தெரியவில்லை. ஜன்னலுக்கு வெளியே கரிசல் வெடித்துக் கிடந்தது. அதன்மேல் கானல் தண்ணீர் போல ஓடியது. தூக்கமா விழிப்பா என்று தெரியாத அந்த மத்தியானத்தில் கை தன்போக்கில் போனது. பிறகு பார்த்தால், தாளில் கிரீடமும் மூக்குத்தியுமாக ஒரு முகம். கழுகுமலை பஸ்ஸில் வந்து எங்கள் ஆபீசில் குச்சி அடைக்கும் பெண்ணின் முகம் அது. அவளோடு நான் பேசியதே இல்லை. சாப்பாட்டு வேளையில் வேப்ப மரத்தடியில் தலை சாய்த்துச் சிரிப்பதைப் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். அது காதல் என்று என் கைக்குத்தான் முதலில் தெரிந்திருக்கிறது.

அழிக்க மனம் வரவில்லை. முதலாளிக்கும் பிடித்துப்போனது. "கண்ணுல அருள் இருக்குடே" என்றார்.

எங்கள் ஆபீசில் ஒரு வழக்கம் உண்டு. சிவகாசியில் அச்சாகி வரும் முதல் லேபிள் தாளைச் சாமி படத்தோடு வைத்து, சந்தனம் குங்குமம் இட்டுக் கற்பூரம் காட்டுவார்கள். எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டு வந்து கும்பிட வேண்டும். புலியையே கும்பிட்டவர்கள் அம்மனை விடுவார்களா? இதை எப்படி மறந்தேனோ, கற்பூரம் எரியும்போதுதான் உறைத்தது. கூலிக்கு வரும் பெண்ணை அம்மனாக வரைந்தவன் என்று தெரிந்தால் முதலாளி அன்றைக்கே என்னை வெளியே தள்ளியிருப்பார். அவள் பேரும் கெட்டிருக்கும்.

எல்லாரும் கண்ணை மூடினார்கள். கிரீடத்தைப் பார்த்தவர்கள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் மட்டும் தாளைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். கை கூப்பாமல் நின்றாள்.

"ஏட்டி, கும்பிடாம என்ன பாத்துக்கிட்டு நிக்க?" என்று பக்கத்தில் நின்ற அக்கா அதட்டினாள்.

அவள் மெதுவாகக் கை கூப்பினாள். கற்பூரம் அணைந்த பிறகும் கும்பிட்டுக்கொண்டே இருந்தாள். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சாயங்காலம் அவளிடம் மன்னிப்புக் கேட்க பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பினேன். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி ஆபீஸ் வாசலிலேயே எதிரில் வந்தாள்.

"எனக்கு மூக்குத்தி கெடையாது" என்றாள்.

"வாங்கித் தாரேன்" என்று எப்படியோ சொல்லிவிட்டேன். அவள் தலை சாய்த்துச் சிரித்தாள்.

மூக்குத்தி வாங்கவும் இரண்டு வீட்டையும் சம்மதிக்க வைக்கவும் காலம் பிடித்தது. சென்னைக்கு நான் போகவில்லை. வருத்தமில்லை என்று சொன்னால் பொய். என் கண்காட்சி பெட்டிக்கடை தோறும் நடந்தது. பார்த்தவர்கள் பீடி பற்றவைத்துவிட்டுத் தூக்கிப் போட்டார்கள்.

கல்யாணத்துக்குப் பிறகு ஒருநாள் விளக்கேற்ற அதே தீப்பெட்டியை அவள் எடுத்தபோது, அன்றைக்கு அவ்வளவு நேரம் என்ன வேண்டிக்கொண்டாய் என்று கேட்டேன்.

"ஒங்களுக்கு வேல போயிரக் கூடாதுன்னு கேட்டேன்" என்றாள், குச்சியை உரசியபடி. "கேட்டதும் நாந்தான். குடுத்ததும் நாந்தான்."