அறுபது சைக்கிள் மிஷின்

அமெரிக்காவில் மின்சாரம் நொடிக்கு அறுபது முறை முன்னும் பின்னுமாகப் போய்வருகிறது; நம் ஊரில் ஐம்பது முறை. எங்கள் தொழிலில் இதைச் சைக்கிள் என்போம். கோயமுத்தூர் கணபதியில் ஒரு மோட்டார் பம்பு கம்பெனியில் இருபத்தெட்டு வருடமாக டெஸ்டிங்கில் இருக்கிறவன் நான். ஏன் இந்த ஐம்பது என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், கேட்காதவர்களையும் சேர்த்து உட்காரவைத்து விளக்குவேன். ரொம்பக் குறைத்தால் விளக்கு மினுக்கும். ரொம்பக் கூட்டினால் கம்பியிலும் மோட்டாரின் இரும்பிலும் மின்சாரம் வீணாகும். நடுவில் எதையாவது வைத்துக்கொள்ளலாம். ஆரம்பத்தில் ஆளுக்கொரு கணக்கு வைத்திருந்தார்கள். பிறகு ஜெர்மனியில் ஐம்பதைப் பிடித்துக்கொண்டார்கள், அமெரிக்காவில் அறுபதை. வெள்ளைக்காரன் காலத்தில் நமக்கு ஐம்பது வந்து ஒட்டிக்கொண்டது. இதில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை.

இவ்வளவும் தெரிந்தவன்தான் என் மனைவியை நான்கு மாதம் மூச்சுக்குத் தவிக்கவிட்டேன்.

அவள் சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் வேலை பார்த்தவள். பஞ்சுத் தூசி நுரையீரலைத் தின்றுவிட்டது. வீட்டிலேயே ஆக்சிஜன் வைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதும், அமெரிக்காவில் இருக்கும் அவள் தம்பி மகன், தன் மாமனாருக்கு வாங்கிய, காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரிக்கும் மிஷின் சும்மா இருக்கிறது என்று, ஊருக்கு வந்த நண்பனிடம் கொடுத்தனுப்பினான். முதுகில் சின்ன எழுத்தில் 115 வோல்ட், 60 சைக்கிள் என்று போட்டிருந்தது. 115 என்பதைப் பார்த்தேன். அதற்கு மேல் என் கண் போகவில்லை. நம் 230 வோல்ட்டை இறக்க ஒரு டிரான்ஸ்ஃபார்மரை நானே கம்பி சுற்றி வைண்டிங் செய்து மாட்டினேன். கடையில் வாங்கினால் கௌரவக் குறைச்சல்.

மிஷின் அமைதியாக ஓடியது. வீடியோ காலில் அதைப் பார்த்த அவள் தம்பி மகன், இங்கே இன்னும் சத்தம் போடுமே மாமா என்று சந்தேகமாகக் கேட்டான். கோயமுத்தூர் வைண்டிங் என்றால் சும்மாவா என்று சிரித்தேன். எனக்கு அன்று தலைகால் புரியவில்லை.

"ஏனுங்க, காத்து பத்தலீங்க" என்றாள் இரண்டாம் நாளே.

மிஷினில் கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு சின்னக் குண்டு மிதக்கும். டாக்டர் சொன்ன மூன்றாம் கோட்டில்தான் அது நின்றது. அதைக் காட்டி, எல்லாம் சரியாகத்தான் வருகிறது, உனக்குப் பழகவில்லை என்றேன். அந்தக் குண்டு எவ்வளவு காற்று வருகிறது என்று காட்டுமே தவிர, அதில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டாது. விரலில் மாட்டும் கருவியில் ரத்தத்தின் ஆக்சிஜன் தொண்ணூறாவது காட்ட வேண்டும்; எண்பத்தைந்துக்கு மேல் ஏறவே இல்லை. நோய் முற்றுகிறது என்றார் டாக்டர். பிறகு அவள் பத்தவில்லை என்று சொல்வதையே விட்டுவிட்டாள். உட்கார்ந்தபடி, கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு இழுப்பாள். நான் சோற்றுத் தட்டோடு பக்கத்தில் நிற்பேன்.

ஒரு நாள் சவூதிக்குப் போகிற பம்புகள் டெஸ்டிங்குக்கு வந்தன. அங்கேயும் அறுபதுதான். டெஸ்டிங் மேடையின் சப்ளையை அறுபதில் வைத்து ஒன்றை ஓட்டினேன். முடிந்ததும், அடுத்து வரும் உள்ளூர் பம்புக்காக ஐம்பதுக்குத் திருப்பினேன். ஓடிக்கொண்டிருந்ததை நிறுத்த மறந்திருந்தேன். சத்தம் இறங்கி அமைதியானது. என் வீட்டில் இரவும் பகலும் கேட்கிற அதே அமைதி. ஆறில் ஐந்து பங்கு வேகம். மிஷினுக்குள் காற்றை அழுத்தும் கம்ப்ரசர் மெதுவாக ஓடினால் அழுத்தம் வராது, அழுத்தம் வராவிட்டால் காற்றிலிருந்து ஆக்சிஜன் சரியாகப் பிரியாது. எந்த டிரான்ஸ்ஃபார்மரும் சைக்கிளை மாற்றாது என்பதைச் சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரியும்படி சொல்லத் தெரிந்தவன் நான்.

மத்தியானமே நம் ஊர் மிஷின் ஒன்றை வாடகைக்கு எடுத்து வந்து மாட்டினேன். அது லொடலொடவென்று சத்தம் போட்டது. கால் மணி நேரத்தில் தொண்ணூற்றிரண்டு காட்டியது. அவள் கட்டில் விளிம்பிலிருந்து கையை எடுத்தாள்.

"இத்தன நாளும் இப்படித்தான் வந்திருக்கோணுமுங்களா?"

பழைய மிஷினில் ஏதோ கோளாறு, அம்மணி என்றேன்.

கண்ணை மூடி ஆழமாக ஒரு மூச்சு இழுத்து விட்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"தம்பி பையன்கிட்டச் சொல்லிப்போடாதீங்க. கெட்டுப்போனதக் குடுத்துட்டமேன்னு மனசு ஒடஞ்சு போயிருவான்."

சரி என்றேன். அதற்குப் பிறகு ஐந்து வாரம் இருந்தாள். அந்த ஐந்து வாரத்தில் ஒரு நாள்கூட நான் உண்மையைச் சொல்லவில்லை.