மருந்தடித்த கண்மாய்

போன வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு போன் வந்தது. பேச்சியம்மாள்.

"சார், மீனெல்லாம் மேல வந்து வாயப் பொளக்குது. வந்து பாருங்க."

அவ்வளவுதான். வைத்துவிட்டார்.

அல்லிநகரத்திலிருந்து கூடலூருக்கு பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். சின்னமனூரிலேயே சாரல் பிடித்துக்கொண்டது. நான் கண்மாய்க்குப் போய்ச் சேர்ந்தபோது மீன்கள் வாய் பிளப்பதை நிறுத்தியிருந்தன. கரையோரம் முழுக்க வெள்ளை வெள்ளையாக வயிறுகள். கட்லா, ரோகு... முழங்கை நீளத்துக்கு வளர்ந்தவை.

இந்தப் பத்தியின் பழைய வாசகர்களுக்கு இந்தக் கண்மாயைத் தெரியும். புதியவர்களுக்காகச் சொல்கிறேன். ஊருக்கு வெளியே, திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது. தண்ணீர் இருப்பதே தெரியாதபடி ஆகாயத்தாமரை மூடிக் கிடந்தது. இரண்டு வருடமாக ஞாயிறுதோறும் கையால் பறித்துக் கரையில் குவித்துவந்தோம். ஆரம்பத்தில் முப்பது பேர் வந்தோம். பிறகு கல்யாணம், காதுகுத்து, முதுகுவலி... கடைசியில் மிஞ்சியது ஆறு பேர்.

அந்த ஆறில் ஒருவர்தான் பேச்சியம்மாள். கண்மாயில் மீன் வளர்த்துப் பிடிக்கும் மீன்பாசி குத்தகை அவர் குடும்பத்துடையது. லாரி டியூபில் மிதந்துகொண்டே, நாங்கள் ஐந்து பேரும் சேர்ந்து பறிப்பதை ஒற்றை ஆளாகப் பறிப்பார். முக்குளிப்பான் பறவை கூடு கட்டியிருக்கும் இடத்தில் மட்டும் கை வைக்கமாட்டார். "அங்கன முட்ட கெடக்கு சார், விட்ருங்க" என்பார்.

இரண்டு மாதம் முன்பு ஒரு ஞாயிறு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு கரையில் உட்கார்ந்தேன். முந்தின வாரம் பறித்த இடத்தில் மறுபடி பச்சை.

"இப்படியே போனா நம்ம காலத்துல முடியாது. களைக்கொல்லி அடிச்சா என்ன?"

கேட்டது நான்தான்.

திராட்சைத் தோட்டக்காரர் ராஜேந்திரனும் எங்களில் ஒருவர். "பவர் ஸ்பிரேயர் நான் கொண்டாரேன்" என்றார் உடனே. மற்றவர்கள் முகத்தில்தான் எத்தனை நிம்மதி...

பேச்சியம்மாள் ஈரச் சேலையைப் பிழிந்துகொண்டே சொன்னார்: "வேணாம் சார். பறிச்சா கரைக்கு வந்துரும். மருந்தடிச்சா எங்க போகும்? தண்ணிக்குள்ளயே கெடந்து அழுகும்."

"கொஞ்ச நாள்ல மக்கிரும்க்கா. நான் படிச்சுப் பாத்துட்டேன்."

என்னத்தைப் படித்தேன்? மருந்து டப்பாவோடு வரும் துண்டுச் சீட்டு. அதிலும் பாதி.

"படிச்சவுக சொல்றீக. நான் என்னத்தச் சொல்ல..."

விவாதம் முடிந்தது. ஒருவரை வாயடைக்க 'படித்தேன்' என்பதைவிடச் சுருக்கமான வழி உண்டா?

ஒரே நாளில் அடித்து முடித்தோம். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. கூடு இருந்த திட்டையும் ஸ்பிரேயர் விட்டுவைக்கவில்லை. இரண்டே வாரத்தில் கண்மாய் முழுக்கப் பழுப்பு. போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டேன் – கைதட்டல்கள் குவிந்தன. இதே பத்தியில் 'ஜெயித்துவிட்டோம்' என்று எழுதினேன் – நீங்களும் பாராட்டினீர்கள். அந்தப் பழுப்பு மெதுவாகத் தண்ணீருக்குள் அமிழ்ந்தது. பின்னாலேயே ஒரு வாரம் வெயிலே இல்லாத மூட்டம்.

வியாழன் மதியம் மீன்வளத் துறை அதிகாரி ஒருவர் வந்து, ஒரு கருவியைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தார்.

"மருந்து நேரடியா கொன்ன மாதிரி தெரியல சார். அத்தனை செடியும் ஒரே நேரத்துல அழுகியிருக்கு. தண்ணியில இருந்த ஆக்சிஜன் பூராம் அதுக்கே போயிருச்சு. வெயிலும் இல்லாததால புதுசா ஆக்சிஜன் சேரல. மீனெல்லாம் மூச்சு முட்டிச் செத்திருக்கு."

பேச்சியம்மாள் கருவி இல்லாமல் சொன்னதை, இவர் கருவி வைத்துச் சொன்னார்.

பள்ளம் தோண்டி, செத்த மீன்களைப் புதைத்தோம். ராஜேந்திரனும் மண்வெட்டி பிடித்தார். சில விரால்கள் மட்டும் தப்பியிருந்தன. அவை மேலே வந்து காற்றைக் குடிக்கிற மீன்கள். கூடு இருந்த இடத்தில் கறுப்பாக ஏதோ மிதந்தது. முக்குளிப்பான்களைக் காணோம்.

கடைசிச் சட்டி மீனைக் கொட்டிவிட்டுப் பேச்சியம்மாள் நிமிர்ந்தார். "என்னை மன்னிச்சிருங்கக்கா" என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"தவிட்டுச் சட்டியோட வந்து நின்னா, கூட்டமா கரைக்கு வரும் சார். என் காலடிச் சத்தம் அதுகளுக்குத் தெரியும்."

சட்டியைக் கவிழ்த்து வைத்தார். பிறகு அவரே கேட்டார்.

"இதையும் எழுதுவீகளா?"

"எழுதுறேன்க்கா."

"மருந்தடிக்கச் சொன்னது யாருன்னும் சேத்து எழுதுங்க. குத்தகைக்காரி வெஷத்தக் கலந்து மீனப் பிடிச்சிருக்கான்னு, காலையிலயே கடைவீதியில பேசுறாக."

எழுதிவிட்டேன். சொன்னவன் பெயர்தான் வாராவாரம் இந்தப் பத்தியின் தலையில் அச்சாகிறது.