ஐந்தாவது ஏன்

குஸுயாவுக்குக் காது கொஞ்சம் அதிகம். ஜப்பானில், ஐச்சியில், காருக்கு உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில், தகடு அழுத்தும் எந்திரங்களுக்கு நடுவே பத்தொன்பது வருடம் நின்றவள். எந்த எந்திரத்துக்கு எங்கே நோகிறது என்பது மெக்கானிக்குக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும்.

தலைக்கு மேலே மஞ்சள் கயிறு ஓடும். சந்தேகம் வந்தால் இழுங்கள், வேலை நிற்கட்டும், இழுத்தவருக்கு நன்றி என்று சுவரில் எழுதியிருந்தது. சுவருக்கென்ன, எதையும் தாங்கும். இழுத்தவர் மறுநாள் காலைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் குனிந்து மன்னிப்புக் கேட்க வேண்டும், அதுதான் நடைமுறை.

மூன்றாம் எந்திரத்தின் அழுத்தும் பாகம் எப்போதாவது, நிறுத்திய பிறகும் ஒரு விரற்கடை கீழே நழுவியது. ஒரே மாதத்தில் நான்கு முறை கயிற்றை இழுத்தாள். மெக்கானிக் வந்தால் அது சாதுவாக நிற்கும். நான்கு முறை குனிந்தாள்.

"உங்களுக்கு வீட்ல காத்திருக்க ஆளில்ல, குஸுயா சான். எங்களுக்கு இருக்காங்க," என்றாள் அந்த எந்திரத்தில் வேலை பார்த்த தமகி. நின்றுபோன நேரத்தை ஓவர்டைமில் ஈடுகட்ட வேண்டியவள் அவள். எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து சாப்பாட்டு மேசையில் குஸுயா தனி.

குழுத் தலைவர் இவாகிரி குரலை உயர்த்தவே மாட்டார். "இனிமே கயித்தைத் தொடறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க. அவ்வளவுதான்."

நவம்பரில் ஒரு காலை எந்திரம் மறுபடி நழுவியது. குஸுயாவின் கை கயிறுவரை போய் நின்றது. இவாகிரி அந்தக் கோடியில் இருந்தார். கேட்க ஓடினாள். பாதி வழியில் தமகியின் அலறல் கேட்டது. மூன்று விரல் போயிற்று.

விபத்து நடந்தால் அங்கே ஐந்து முறை ‘ஏன்’ கேட்டுக் காரணம் கண்டுபிடிப்பார்கள். ஐந்தாவதற்கு இவாகிரி பலகையில் எழுதினார்: குஸுயா கயிற்றை இழுக்கவில்லை. ஆறாவதாக ஒரு ‘ஏன்’ கேட்டிருந்தால் அவர் பெயரல்லவா வந்திருக்கும்? பாவிகளுக்கு எங்கே நிறுத்துவதென்று நன்றாகத் தெரியும். குஸுயா மறுபடி குனிந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனாள். இவாகிரி முன்பே வந்து கட்டிலருகே உட்கார்ந்திருந்தார். தமகி கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"ஒண்ணுமில்லாததுக்கெல்லாம் நாலு தடவை இழுத்தீங்களே. நான் பேசுன பேச்சுக்காகத்தான் அன்னிக்கு விட்டுட்டீங்களா?"

குஸுயா இவாகிரியைப் பார்த்தாள். அவர் தலை நிமிராமல் தமகிக்குப் பேரிக்காய்த் தோல் சீவிக்கொண்டிருந்தார்.