உள்விளிம்பு தேய்ந்த வார்

ஒரு மனிதனின் தொழிலை நான் கெடுத்தேன். கோபத்தால் அல்ல, பகையால் அல்ல... எண்ணாமலே "சரி" என்று ஒரு சொல் சொல்லி, பிறகு அந்தச் சொல்லைக் காப்பாற்றிக்கொள்ள வாய்மூடி இருந்து கெடுத்தேன். பன்னிரண்டு வருடங்களாக இது எனக்கு மட்டுமே தெரியும். இப்போது உனக்கும் தெரியும்.

ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப் ஒன்றில் நான் குமாஸ்தா. வருகிற தோலை எண்ணுவேன், போகிற தோலை எண்ணுவேன். இருபத்தாறு வருடத்தில் ஒரு தோல்கூட என் எண்ணிக்கையில் தப்பியதில்லை. அந்தப் பெயர் எனக்கு எவ்வளவு இனித்தது தெரியுமா? மனைவி போன பிறகு, பிள்ளை இல்லாத வீட்டில், அது ஒன்றுதான் எனக்குத் துணை.

முதலாளி வாணியம்பாடிக்காரர். சாயபு என்போம். அவருடைய மோட்டார் காரில் எஞ்சினின் முன்பக்கம் எண்ணெய் கசிந்தது. வேலூரிலிருந்து ஒரு ஃபிட்டர் வந்து, ஷாப்பின் முற்றத்தில் சாக்கு விரித்து எஞ்சினைப் பிரித்தார். ஒன்றும் தொலையக் கூடாது, கூடவே இருந்து எண்ணு என்றார் சாயபு. எண்ணினேன். திருகு, மூடி, குழாய், வளையம்... எல்லாம் சேர்ந்து நூற்று நாற்பத்து மூன்று.

மூன்றாம் நாள் பூட்டி முடித்ததும் ஃபிட்டர் கையைத் துடைத்துக்கொண்டே, "எல்லாம் உள்ள போயிடுச்சா சார்? கணக்கு சரிதானே?" என்றார். அவருக்கு ரயிலுக்கு நேரமாகியிருந்தது.

சாக்கு வெறுமையாகத் தெரிந்தது. "சரி" என்றேன்.

எண்ணவில்லை! வாழ்நாளில் அந்த ஒரு தடவை எண்ணவில்லை!

"நம்ம குமாஸ்தா எண்ணினா எண்ணினதுதான்!" என்று சாயபு எல்லோர் முன்னாலும் சொன்னார். ஃபிட்டர் போய்விட்டார். நான் சாக்கை மடித்தேன். மடிப்பிலிருந்து ஓர் இரும்பு வளையம் உருண்டு விழுந்தது. காலணாக் காசின் கனம்தான் இருக்கும்.

அப்போதே ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். ரயில்கூடப் புறப்பட்டிருக்காது. நான் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

எஞ்சினின் முன்னால் கீழே ஓர் உருளை, மேலே விசிறியோடு ஓர் உருளை. இரண்டையும் சுற்றி ஒரு தோல் வார் ஓடும். பழைய வார் எண்ணெயில் ஊறிவிட்டதால் முனுசாமி புதிதாக ஒன்று வெட்டிக் கொடுத்திருந்தான். எங்கள் ஷாப்பில் கத்தி பிடிப்பவர்களில் முதல்வன். கோடு போடாமல் பன்னிரண்டு அடி வெட்டுவான். எந்த இடத்தில் அளந்தாலும் ஒரே அகலம் இருக்கும். அளந்து பார்த்தவன் நான்.

ஃபிட்டர் போன பிறகுதான் காரைக் கிளப்பினார்கள். கிறீச்சென்று ஒரு சத்தம்! வார் எஞ்சின் மூடியை ஒட்டி உரசிக்கொண்டு ஓடியது. மூன்று மைல் போய் வருவதற்குள் அதன் உள்விளிம்பு நார் நாராகிவிட்டது.

வேறு ஊராக இருந்தால் இரும்பைப் பார்த்திருப்பார்கள். எங்களூரில் தோலைத்தான் பார்ப்பார்கள். ஆளுக்கொரு தீர்ப்பு சொன்னார்கள். ஈரம் போகவில்லை என்றான் ஒருவன். பதம் தப்பிவிட்டது என்றான் இன்னொருவன். சாயபு வாரை மடக்கிப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார்.

"இன்னா முனுசாமி, வயித்துத் தோலை வெட்டிட்டியா?"

"இல்ல சாயபு. நடு முதுகு."

"அப்போ கை கோணிடுச்சா? நேத்து கல்யாணச் சோறு ஜாஸ்தியோ?"

எல்லோரும் சிரித்தார்கள். முனுசாமியும் சிரித்தான். இரண்டாவது வார் வெட்டினான். மூன்றாவதும் வெட்டினான். மூன்றையும் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தான்.

"பாருங்க ஐயா, மூணும் ஒரே எடத்துல தேஞ்சிகீது. தோலு தப்புன்னா ஒண்ணொண்ணும் ஒவ்வொரு எடத்துல இல்ல தேயணும்? இரும்புலதான் ஏதோ கீது. நீங்க சொன்னா சாயபு கேப்பாரு."

எவ்வளவு சரியாகச் சொன்னான்! கீழ் உருளைக்குப் பின்னால் வளையம் இல்லை. அதனால் உருளை உள்ளே தள்ளி உட்கார்ந்திருக்கிறது. அதனால் வார் உரசுகிறது. எனக்குத் தெரியும். வளையம் என் நெஞ்சுக்கு மேலே, பையில் இருந்தது.

"இரும்பு சமாச்சாரம் எனக்கு இன்னாப்பா தெரியும்?" என்றேன்.

நான்காவது வாரோடு சாயபு தம் தாயாரை வேலூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். விரிஞ்சிபுரத்துக்கு முன்னால் வார் அறுந்தது. விசிறி நின்றது, தண்ணீர் கொதித்தது. நோயாளிக் கிழவி இரண்டு மணி நேரம் வெயிலில் கிடந்தாள். பிழைத்துக்கொண்டாள். ஆனால் அன்று மாலை சாயபு எல்லோரையும் நிற்கவைத்து, "கத்தியைக் கீழ வை முனுசாமி. நாளையிலேர்ந்து சுண்ணாம்புத் தொட்டிக்குப் போ" என்றார்.

முனுசாமி கத்தியைத் துடைத்துவிட்டு வைத்தான்.

அந்த வெள்ளிக்கிழமை சாயபு தொழுகைக்குப் போய், ஷாப்பு ஓய்ந்திருந்த வேளையில், நான் காரின் முன்னால் மண்டியிட்டேன். ஃபிட்டர் செய்ததைப் பார்த்திருந்தேனே! ஆணியைத் தட்டி, உருளையை இழுத்து, வளையத்தைச் செருகி, மறுபடி பூட்டினேன். இனி முனுசாமியின் வார் ஓடும், அவன் கைக்குக் கத்தி திரும்பும் என்று நினைத்தேன்.

சாயபு அவனிடம் வார் கேட்கவில்லை. மறுநாள் சென்னைப் பட்டணத்திலிருந்து ஒரு வார் வந்தது. மாட்டினார்கள். சத்தமே இல்லை! மூடிக்கும் வாருக்கும் நடுவே ஒரு காலணாக் காசு நுழையும் இடைவெளி.

"பாத்தியா! தோலுலதான் தப்புன்னு அன்னிக்கே சொன்னேன்!" என்றார் சாயபு.

என் பரிகாரமே அவனுக்கு எதிரான சாட்சியாயிற்று. அப்படி ஆகும் என்று எனக்குத் தெரியாதா? தெரியாது என்றுதான் இத்தனை காலம் சொல்லிக்கொண்டேன்... சில நாள் தெரிந்திருந்தது என்றும் தோன்றுகிறது.

பச்சைத் தோலின் மயிர் உதிர ஊறவைக்கும் அந்தச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஒன்பது வருடம் அவன் நின்றான். அடுத்த மூன்று வருடத்துக்குள் சாயபு இறந்தார். ஷாப்பு கைமாறியது. நான் பயப்பட இனி யாருமில்லை. போன மாதம் சொல்லியே தீருவதென்று அவன் வீட்டுக்குப் போனேன். என் வாசலிலிருந்து ஆயிரத்து அறுநூற்று நாற்பது அடி. இதற்குமுன் அந்தத் தெருவுக்குள் நான் கால் வைத்ததில்லை.

என்னைக் கண்டதும் முனுசாமி பதறி எழுந்து, முக்காலியைத் துடைத்துப் போட்டான். நான் வாரைப் பற்றி ஆரம்பித்தேன். அவனே முந்திக்கொண்டான்.

"அத்த வுடுங்க ஐயா. அன்னிக்கு இரும்பு மேல பழி போட்டேன். பட்டணத்து வாரு ஓடிச்சே! என் கைதான் போயிடுச்சு, எனக்கே தெரியல. பையன் கத்தி கேட்டான், குடுக்கல. என் கை அவனுக்கும் வந்துடுச்சின்னா? இப்போ அவன் ரயில்ல மூட்டை தூக்குறான். நீங்க இன்னா சேதியா வந்தீங்க?"

நீயாக இருந்தால் சொல்லியிருப்பாய் அல்லவா?

"சும்மாதான்" என்றேன்.

தெருமுனைவரை வந்தான். "கல்லு ஜாஸ்தி, பாத்து ஐயா" என்று என் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். சுண்ணாம்பு தின்ற தோல், நகமில்லாத இரண்டு விரல்கள்... அந்தப் பிடியில் நடுக்கமே இல்லை.