கரமனைப் பக்கம் கறுத்த புகை

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். ஆனாலும் புகையைப் பார்த்தே டீசல் எஞ்சினின் கோளாறைச் சொல்ல இந்தத் திருவனந்தபுரத்தில் என்னை வெல்ல ஆளில்லை. இன்று பட்டறைக்கு வந்த காரின் கறுத்த புகை என்னை, சின்ன வயதில் நாங்கள் குடியிருந்த ஆரியசாலை மாடிவீட்டுக்கு இழுத்துப் போய்விட்டது.

அப்பா பஸ் டிரைவர். அவர் பஸ் ஒன்றுதான் அப்படிக் கறுப்பாகப் புகையும். மாடி ஜன்னலிலிருந்து கரமனைப் பக்கம் அது தெரிந்ததும் அம்மா உலை வைப்பாள். அவர் படியேறும்போது சோறு சூடாக இருக்கும்.

ஒருநாள் புகையில்லாமலே அப்பா வந்து நின்றார்.

"என்னட்டி, சோறு ஆகலியா?"

"புகையே காணலியே!"

"எஞ்சினுக்கு டீசல் பீச்சுற நாசில மாத்தியாச்சு. இனி புகையாது."

"நல்லா இருந்த வண்டியக் கெடுத்துப் போட்டீயளே!"

அன்றுமுதல் வருகிற பஸ்ஸையெல்லாம் அம்மா ஜன்னலில் நின்று பார்த்தாள்.

இந்தக் காருக்கும் நாசில் கோளாறுதான். எனக்கு அரைமணி நேர வேலை. ஸ்பேனரை எடுத்தவன், இன்னும் கொஞ்சம் புகையட்டும் என்று நின்றுவிட்டேன்.