நான் நிற்காத கடையில் நான் மானேஜர்

போன வாரம் பஸ்ஸில் அழுதேன். காரணம் காதலோ சாவோ இல்லை... ஒரு பாடப்புத்தகம்.

ஐம்பதை நெருங்கும் வயதில் மோர்ட்கேஜ், அதாவது வீட்டுக்கடன், ஆலோசகர் லைசன்ஸுக்குப் படிக்கிறேன் என்று இந்தப் பக்கத்தில் ஏற்கனவே தம்பட்டம் அடித்திருக்கிறேன். வருகிற வெள்ளிக்கிழமை பரீட்சை.

அன்று படித்தது மோசடி அத்தியாயம். அதில் ஒரு மாதிரிக் கேள்வி. வீட்டுக்கடன் கேட்டு ஒரு பெண் வருகிறாள். சொந்தக்காரரின் கடையில் மானேஜர் என்கிறாள். பேஸ்லிப், அதாவது சம்பளச் சீட்டு, பளபளவென்று இருக்கிறது. ஆனால் அந்தச் சம்பளம் ஒரு மாதம்கூட அவளுடைய வங்கிக் கணக்குக்கு வரவில்லை. ஆலோசகர் எதைச் சந்தேகிக்க வேண்டும்?

டக்கென்று சரியான விடைக்கு அடையாளம் போட்டேன். பஸ் இரண்டு தரிப்பிடம் கடந்த பிறகுதான் உறைத்தது. அந்தப் பெண் நான்தானே?

இருபது வருடங்களுக்கு முன் லண்டன் மோர்டனில் நாங்கள் இப்போது இருக்கும் இந்த வீட்டை வாங்கியபோது எங்கள் வருமானம் போதவில்லை. பெரியண்ணை தன் கடையில் என்னை மானேஜர் ஆக்கினார் – தாளில் மட்டும். அந்தக் கடையில் அரிசி வாங்கியிருக்கிறேன். ஒரு நாளாவது வேலைக்கு நின்றதில்லை. அதை மோசடி என்று யார் நினைத்தோம்? உதவி என்றோம். பால் காய்ச்சிய அன்று முதல் கோப்பையை அண்ணையிடம்தான் கொடுத்தோம்.

நம்மவர்கள் சட்டத்தை மீறுவதே இல்லை, கவனித்திருக்கிறீர்களா? 'சமாளிப்பார்கள்'. அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணை வந்தார். மகனுக்கு ஹரோவில் வீடு பார்த்திருக்கிறாராம்.

"பெடியன்ர சம்பளம் காணாது. கடையில மானேஜர் எண்டு பேஸ்லிப் அடிச்சுத் தாறன். நீ பாஸ் பண்ணின உடன அவன்ர லோன் விண்ணப்பத்தை உன்ர கையால பாங்குக்கு அனுப்பிவிடு."

"ஏலாது அண்ணை. அது மோசடி. பிடிபட்டா என்ர லைசன்ஸ் போயிடும். அவனுக்கு வழக்கும் வரும்."

அண்ணை சத்தம் போடவில்லை. தேத்தண்ணியை வைத்துவிட்டு என் வரவேற்பறையை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"அப்ப நீ இருக்கிற இது என்ன, பிள்ளை?"

அவர்மேல் ஆத்திரம், என்மேல் அதைவிட ஆத்திரம். நான் அனுபவித்துவிட்டு அவர் மகனுக்குக் கதவைச் சாத்துகிறேன். அவர் கண்ணுக்கு அப்படித்தானே தெரியும்? ஆனாலும் திரும்பவும் ஏலாது என்றேன். குரல்தான் ஏறவில்லை.

எழுந்து சப்பாத்தைப் போட்டார். "இனி உன்ர வாசல்படி மிதிக்க மாட்டன்" என்றார்.

உன்ர வாசல்படி... அதை இன்னமும் என்னுடையது என்று சொல்கிறவர் அவர் ஒருவர்தான். என்னுடையது என்று சொல்ல எனக்கே வாய் வரவில்லை.